பழைய நிலுவை: கல்முனைக் கரையில் சாதாரண தரக் கணிதம்

க.பொ.த. சாதாரண தரப் பெறுபேறு வெளியாகும் நாளில், பெரியநீலாவணை தொடங்கிப் பொத்துவில் வரையுள்ள வீடுகளில் முதலில் கேட்கப்படும் கேள்வி, "கணக்குப் பாடத்துக்கு என்ன?" என்பதுதான். அதற்குக் காரணம் இருக்கிறது. உயர்தர வகுப்புக்குத் தகுதி பெறத் தாய்மொழியும் கணிதமும் உட்பட ஆறு பாடங்களில் சித்தி வேண்டும். அவற்றுள் மூன்றிலாவது திறமைச் சித்தி வேண்டும். தமிழிலும் இஸ்லாத்திலும் வரலாற்றிலும் மிக நன்றாகச் செய்த பிள்ளையைக்கூட, கணிதத்தில் வந்த ஒரு டபிள்யூ, அதாவது சித்தியின்மை, வாசலிலேயே நிறுத்திவிடுகிறது.

2024ஆம் ஆண்டுக்குரிய பரீட்சை 2025 மார்ச்சில் நடந்தது. இலங்கை முழுவதிலும் கணிதத்தில் சித்தியடைந்தோர் ஏறத்தாழ 69 சதவீதத்தினர். அதாவது, பதினொரு வருடம் பாடசாலைக்குப் போன பத்துப் பிள்ளைகளில் மூன்று பேர் சித்திக்கு வேண்டிய 35 புள்ளியைத் தொடவில்லை. தொட்டவர்களிலும் பலர் சாதாரணச் சித்தியோடு நின்றுவிடுகிறார்கள்.

குறைந்த கணிதப் புள்ளியை எப்படி உயர்த்துவது என்ற கேள்விக்கு ஊரில் கிடைக்கும் விடைகளையும், உலக ஆய்வுகள் சொல்வதையும், இந்தக் கரைக்கே உரிய வளங்களையும் இக்கட்டுரை ஒன்றாக வைத்துப் பார்க்கிறது. அப்படிப் பார்க்கும்போது ஒரு முடிவுக்கு வர வேண்டியிருக்கிறது. பதினோராம் தரத்தில் தெரியும் குறைந்த புள்ளி பெரும்பாலும் பதினோராம் தரத்தில் உண்டானதல்ல. ஆறாம், ஏழாம், எட்டாம் தரங்களில் விட்டுப்போன பாடத்தின் நிலுவை அது. அந்த நிலுவையைத் தீர்க்காமல் மேலே எவ்வளவு கட்டினாலும் புள்ளி ஏறுவதில்லை.

கல்விக்காக உழைத்த கரை

கல்வியில் அக்கறையில்லாத ஊர்கள் என்று இந்தப் பிரதேசத்தை எவரும் சொல்ல முடியாது. 1942இல் கல்முனைக்கு உதவி அரசாங்க அதிபராக வந்த ஏ.எம்.ஏ. அசீஸ், அந்த ஆண்டிலேயே கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கத்தை உருவாக்கினார். 1949இல் கல்முனை ஸாஹிறாக் கல்லூரி தொடங்கியது. பெண்பிள்ளைகளுக்கு மஹ்மூத் மகளிர் கல்லூரி, மருதமுனையில் அல்-மனார், நிந்தவூரில் அல்-அஷ்ரக், அக்கரைப்பற்றில் முஸ்லிம் மத்திய கல்லூரி என்று ஊருக்கு ஊர் பெரிய பாடசாலைகள் எழுந்தன. அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலை பல தலைமுறை ஆசிரியர்களைத் தந்தது. 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கிய ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் இன்று பொறியியற் பீடம் இருக்கிறது. சம்மாந்துறையில் அதன் பிரயோக விஞ்ஞான பீடம் இருக்கிறது.

கணிதம் இந்த மண்ணுக்குப் புதிதும் அல்ல. கல்முனைக்கு அடுத்த காரைதீவில் 1892இல் பிறந்த சுவாமி விபுலாநந்தர் தமிழறிஞராக அறியப்பட்டவர். ஆனால் அவர் பட்டம் பெற்றது விஞ்ஞானத்தில். 1947இல் வெளியான அவருடைய யாழ் நூல், பண்டைய யாழின் நரம்புகளுக்கு இடையிலான விகிதங்களைக் கணித்துப் பார்த்த நூல்.

ஆகவே குறை மண்ணிலும் இல்லை, பிள்ளையின் மூளையிலும் இல்லை. பொறியியற் பீடம் அருகில் இருக்கையில், அதற்குப் போகும் பாதையின் முதற்படியிலேயே இத்தனை பிள்ளைகள் தடுக்கி விழுவது ஏன் என்று கேட்பதுதான் சரி.

35 புள்ளி எதனால் ஆனது

புள்ளியை உயர்த்த நினைப்பவர் முதலில் வினாத்தாளின் அமைப்பை அறிய வேண்டும். முதலாம் வினாத்தாள் இரண்டு மணித்தியாலம். அதன் முதற்பகுதியில் 25 குறுவினாக்கள், ஒவ்வொன்றுக்கும் 2 புள்ளி. அடுத்த பகுதியில் 5 அமைப்பு வினாக்கள், ஒவ்வொன்றுக்கும் 10 புள்ளி. இரண்டாம் வினாத்தாள் மூன்று மணித்தியாலம். இரண்டு பகுதிகளிலும் உள்ள ஆறாறு வினாக்களில் ஐவைந்தைத் தெரிந்து, மொத்தம் பத்து வினாக்களுக்கு விடை எழுத வேண்டும். இரண்டு தாள்களுக்குமான 200 புள்ளியைப் பாதியாக்கினால் இறுதிப் புள்ளி வரும்.

35 எடுக்க 200க்கு 70 போதும். குறுவினாக்களில் 15ஐச் சரியாகச் செய்தால் 30. முதலாம் தாளின் அமைப்பு வினாக்களில் மூன்றைப் பாதிப் பாதி செய்தால் 15. இரண்டாம் தாளில் ஐந்து வினாக்களில் ஐவைந்து புள்ளி எடுத்தால் 25. கூட்டினால் 70. இந்தக் கணக்கைப் பிள்ளைக்கு முன்னால் உட்கார்ந்து ஒருமுறை எழுதிக் காட்டுவது பெரிய உதவி. "எனக்குக் கணக்கு வராது" என்று முடிவு கட்டிய பிள்ளைக்கு, எட்டவே முடியாத மலையாகத் தெரிந்த ஒன்று எண்ணிக்கையில் அடங்கும் வேலையாக மாறுகிறது.

இன்னொன்றும் தெரிய வேண்டும். புள்ளி இறுதி விடைக்கு மட்டும் கிடைப்பதில்லை. ஒவ்வொரு படிமுறைக்கும் பிரித்துக் கொடுக்கப்படுகிறது. இடை காணும் வினாவில் நடுப்பெறுமான நிரலைச் சரியாக எழுதியவருக்கு, கடைசிப் பெருக்கலில் பிழைத்தாலும் புள்ளி உண்டு. வெறுமையாக விடப்பட்ட பக்கத்துக்கு எதுவும் இல்லை. பரீட்சைத் திணைக்களம் வெளியிடும் மதிப்பீட்டு அறிக்கைகளில் எந்த வினாவில் பிள்ளைகள் எந்த இடத்தில் தவறினார்கள் என்ற விபரம் வினாவாரியாக இருக்கிறது. ஆசிரியர் கையில் கட்டாயம் இருக்க வேண்டிய ஆவணம் அது.

நிலுவை எங்கே இருக்கிறது

பத்தாம் தரத்துப் பிள்ளை ஒருவரின் தவணைப் பரீட்சை விடைத்தாளைப் புள்ளிக்காகப் பார்க்காமல் பிழைகளுக்காகப் பார்த்தால், அநேகமாக இந்த மூன்றும் கண்ணில் படும்: −3 − 5 = 8; 1/2 + 1/3 = 2/5; 7 − (5 − 2) = 0.

முதலாவது, "சய சய சக" என்ற பெருக்கல் விதியைக் கூட்டல் கழித்தலுக்கும் போட்டதால் வந்தது. சரியான விடை −8. இரண்டாவது, பகுதி வேறாக இருக்கும் பின்னங்களை மேலும் கீழும் கூட்டியதால் வந்தது. சரியான விடை 5/6. மூன்றாவது, அடைப்புக்கு முன்னுள்ள கழித்தல் உள்ளே இருக்கும் எல்லா உறுப்புகளையும் மாற்றும் என்பதை அறியாததால் வந்தது. சரியான விடை 4. மூன்றும் கனிஷ்ட இடைநிலைப் பாடங்கள்.

இவை பதினோராம் தரத்தில் எப்படி வெளிப்படுகின்றன? (−3)² என்பதை −9 என்று எழுதும் பிள்ளை, இருபடிச் சார்பின் அட்டவணையில் இடது பக்கத்துப் பெறுமானங்களைப் பிழைக்கிறார். வரைபு வளைய வேண்டிய இடத்தில் வளையாது. பின்னம் தெரியாதவருக்கு நிகழ்தகவில் மரவரிப்படம் வரைய வரும். கிளைகளைப் பெருக்கிக் கூட்ட வராது. அடைப்பை நீக்கத் தெரியாதவருக்கு ஒருங்கமை சமன்பாடும் இல்லை, கேத்திரகணிதத்தில் கோணத்தைக் கணிக்கும் வினாவும் இல்லை. பிள்ளை ஆறு பாட அலகுகளில் பலவீனம் என்று ஆசிரியர் குறித்துக்கொள்கிறார். உண்மையில் பலவீனம் ஒரே இடத்தில் இருக்கிறது. அது ஆறு இடங்களில் புள்ளியைக் குறைக்கிறது.

நமது பாடசாலைகளில் பிள்ளைகள் வயதோடு வகுப்பேறுகிறார்கள். இது நல்ல ஏற்பாடுதான். ஒரே வகுப்பில் திரும்பத் திரும்ப இருத்தி வைத்தால் பிள்ளை பாடசாலையையே விட்டுவிடும். ஆனால் வகுப்பேறும் பிள்ளையோடு நிலுவையும் ஏறுகிறது. அதை நின்று பார்க்க எந்த வகுப்பிலும் நேரம் ஒதுக்கப்படவில்லை.

அண்மைய வருடங்கள் இதை இன்னும் கூட்டின. 2025 மார்ச்சில் பரீட்சை எழுதியவர்கள், 2020 மார்ச்சில் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டபோது ஏழாம் தரத்தில் இருந்தார்கள். விட்டு விட்டு நடந்த 2021இல் அவர்கள் எட்டாம் தரம். எரிபொருள் இல்லாமல் பாடசாலைகள் மூடப்பட்ட 2022இல் ஒன்பதாம் தரம். திசைகொண்ட எண்களும், அட்சரகணிதக் கோவைகளும், எளிய சமன்பாடுகளும் வேர்கொள்ள வேண்டிய காலத்தில் வகுப்பறை அடிக்கடி பூட்டிக் கிடந்தது. வீட்டில் ஒரே ஒரு கைப்பேசியும் மூன்று பிள்ளைகளும் இருந்த குடும்பங்களில் இணையவழி வகுப்பு எவ்வளவு தூரம் போயிருக்கும் என்பது பெற்றோருக்குத் தெரியும்.

ரியூஷனும் செமினாரும்

புள்ளி குறைந்ததும் ஊரில் நடப்பது ரியூஷனில் சேர்ப்பது. பரீட்சை நெருங்கியதும் செமினார். இடையில் கடந்தகால வினாத்தாள் புத்தகம். மூன்றுக்கும் பயன் உண்டு. ஒவ்வொன்றுக்கும் எல்லையும் உண்டு.

நல்ல ரியூஷன் ஆசிரியர் பாடத்தைத் தெளிவாகச் சொல்கிறார், பாடத்திட்டத்தை முடிக்கிறார், பிள்ளைக்கு ஊக்கம் தருகிறார். ஆனால் நூறு பேர் இருக்கும் கொட்டகையில் ஒரு பிள்ளையின் கொப்பியைத் திருப்பிப் பார்க்க அவரால் இயலாது. 50 புள்ளியிலிருந்து 70க்குப் போக வேண்டிய பிள்ளைக்கு அந்த வகுப்பு உதவும். பின்னத்தில் நின்றுவிட்ட பிள்ளை அங்கே இன்னொரு முறை மடக்கையைக் கேட்டுவிட்டு, கரும்பலகையில் இருந்ததை அழகாக எழுதிக்கொண்டு வீட்டுக்கு வருகிறது. கொப்பி நிறைந்திருப்பதால் உம்மாவும் வாப்பாவும் படிப்பு நடக்கிறது என்று நம்புகிறார்கள்.

செமினார், ஏற்கெனவே தெரிந்தவற்றை ஒழுங்குபடுத்திக்கொள்ள உதவும். தெரியாததை மூன்று மணித்தியாலத்தில் கற்பிக்கும் என்று அதனிடம் எதிர்பார்ப்பது நியாயமல்ல. கடந்தகால வினாத்தாளும் அப்படித்தான். விடையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து எழுதினால் பழகுவது கை மட்டுமே. நேரம் குறித்து, தனியாகச் செய்து, புள்ளியிடும் திட்டத்தோடு ஒப்பிட்டு, பிழைத்த இடத்தை மறுநாள் திரும்பச் செய்யும்போதுதான் அது பயிற்சியாகிறது.

ஆய்வுகள் சொல்வது

பின்தங்கிய பிள்ளைகளைத் தூக்கிவிடுவது பற்றி உலகில் நிறைய ஆராய்ந்திருக்கிறார்கள். நமக்கு மிக நெருக்கமானது இந்தியாவில் நடந்தது. மும்பாயிலும் வதோதராவிலும் பிரதம் அமைப்பு, மூன்றாம் நான்காம் வகுப்புகளில் பின்தங்கிய பிள்ளைகளை நாளுக்கு இரண்டு மணித்தியாலம் வகுப்பிலிருந்து பிரித்தெடுத்து, அதே ஊரைச் சேர்ந்த இளம்பெண்களைக் கொண்டு அடிப்படைகளைக் கற்பித்தது. அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ முதலானோர் 2007இல் வெளியிட்ட ஆய்வின்படி, பிள்ளைகளின் புள்ளி தெளிவாக உயர்ந்தது. மிகவும் பின்தங்கியிருந்தவர்களே அதிகம் முன்னேறினார்கள். அந்தப் பெண்கள் பயிற்றப்பட்ட ஆசிரியர்கள் அல்லர். பிள்ளை இருக்கும் இடத்திலிருந்து தொடங்கியதே அவர்களின் பலம்.

தனியாக ஒருவர் உட்கார்ந்து கற்பிப்பதன் வலிமையை 1984இல் பெஞ்சமின் புளூம் எடுத்துக்காட்டினார். அவர் காட்டிய அளவுக்குப் பெரிய பலனைப் பிந்திய ஆய்வுகள் காணவில்லை. ஆனாலும் சிறு குழுவிலும் தனியாகவும் கற்பிப்பது பயன் தருகிறது என்பதில் இன்று பெரிய கருத்து வேறுபாடு இல்லை.

பயிற்சி செய்யும் விதம் பற்றி இரண்டு ஆய்வுகள் நம் வகுப்பறைக்கு நேரே பொருந்தும். அவுஸ்திரேலியாவில் சுவெலரும் கூப்பரும் 1985இல் அட்சரகணிதத்தை வைத்துச் செய்த ஆய்வில், புதிதாகக் கற்போர் தாமே முட்டி மோதுவதைவிட, முழுமையாகச் செய்து காட்டப்பட்ட உதாரணங்களைப் படிமுறையாகக் கற்று, உடனே அதைப்போன்ற ஒன்றைச் செய்வது கூடிய பலன் தந்தது. அமெரிக்காவில் ரோரரும் டெய்லரும் 2007இல் திண்மங்களின் கனவளவு காணும் கணக்குகளை இரண்டு குழுக்களுக்குக் கொடுத்தார்கள். ஒரு குழு ஒவ்வொரு வகையையும் தனித்தனியாகச் செய்தது. மற்றது எல்லா வகைகளையும் கலந்து செய்தது. பயிற்சியின்போது கலந்து செய்தவர்களே அதிகம் பிழைத்தார்கள். ஒரு வாரம் கழித்து வைத்த சோதனையில் அவர்கள் 63 சதவீதமும், தனித்தனியாகச் செய்தவர்கள் 20 சதவீதமும் எடுத்தார்கள்.

நம் பிள்ளைகள் புத்தகப் பயிற்சியில் இருபது கணக்கையும் சரியாகச் செய்துவிட்டுப் பரீட்சையில் திகைத்து நிற்பதன் காரணம் இதில் இருக்கிறது. பயிற்சியின் தலைப்பே எந்த முறை என்று சொல்லிவிடுகிறது. பரீட்சைத் தாளில் தலைப்பு இல்லை. முறையைத் தெரிந்தெடுப்பதே அங்கே பாதி வேலை.

வீட்டில் இருக்கும் கணிதம்

பின்னம் இந்த ஊர்களுக்கு அந்நியமான ஒன்று என்றால் நம்ப முடியாது. ஸகாத் நாற்பதிலொன்று, அதாவது 2.5 சதவீதம். மழை நீரில் விளைந்த நெல்லுக்குப் பத்திலொன்று, செலவழித்து நீர் பாய்ச்சியதற்கு இருபதிலொன்று. காணி ஏக்கரிலும் பேர்ச்சிலும் அளக்கப்படுகிறது. ஓர் ஏக்கர் 160 பேர்ச். மருதமுனைத் தறியில் சாரனின் கட்டங்கள் நூலெண்ணி நெய்யப்படுகின்றன.

இவை எல்லாவற்றிலும் செறிவான கணிதம் பராயிழில், வாரிசுப் பங்கீட்டில் இருக்கிறது. ஒருவர் மனைவி, தாய், ஒரு மகன், ஒரு மகளை விட்டு மௌத்தாகிறார். 72 பேர்ச் காணி இருக்கிறது. மனைவிக்கு 1/8, தாய்க்கு 1/6. இவற்றைக் கூட்டப் பொது மடங்குகளுட் சிறியது 24. 3/24உம் 4/24உம் சேர்ந்து 7/24. மீதி 17/24. அது மகனுக்கும் மகளுக்கும் 2:1 என்ற விகிதத்தில். ஆக மனைவிக்கு 9 பேர்ச், தாய்க்கு 12, மகனுக்கு 34, மகளுக்கு 17. கூட்டிப் பார்த்தால் 72. பின்னங்களைக் கூட்டுதல், கழித்தல், விகிதப்படி பிரித்தல், விடையைச் சரிபார்த்தல் எல்லாம் ஒரே கணக்கில் வந்துவிடுகின்றன. ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் அல்-குவாரிஸ்மி எழுதிய அட்சரகணித நூலின் பெரும் பகுதி இத்தகைய வாரிசுக் கணக்குகளுக்கு ஒதுக்கப்பட்டது. அந்தக் காலத்தில் சமன்பாடுகள் மக்களின் தேவைக்காகத் தீர்க்கப்பட்டன.

கணித ஆசிரியரும் இஸ்லாம் பாட ஆசிரியரும் ஒரே ஓய்வறையில் உட்காரும் பாடசாலைகள் நம்முடையவை. அவர்கள் இருவரும் சேர்ந்து ஒரு வாரம் இந்தக் கணக்குகளைக் கற்பித்தால், பின்னம் எதற்கு என்று எந்தப் பிள்ளையும் கேட்காது.

அச்சமும் வீட்டுச் சூழலும்

கணிதத்தில் பிழைப்பதற்கு அறியாமை மட்டும் காரணமல்ல. பயந்த மனம் தெரிந்ததையும் மறக்கும். பரீட்சைக்குச் சற்று முன் தன் பயத்தைப் பத்து நிமிடம் தாளில் எழுதிய மாணவர்கள் நன்றாகச் செய்ததாக ரமிரேஸும் பைலொக்கும் 2011இல் எழுதினார்கள். எல்லாருக்கும் அது பலிக்கும் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் பயத்தின் வேரைப் பிடுங்க நம்மால் முடியும். முழு வகுப்புக்கும் முன்னால் புள்ளியை வாசித்து வெட்கப்படுத்துவதை நிறுத்த வேண்டும். "உன் ராத்தாவைப் பார்" என்று வீட்டில் ஒப்பிடுவதை நிறுத்த வேண்டும். "பொம்பிளைப் பிள்ளைக்கு இவ்வளவு கணக்குப் போதும்" என்ற பேச்சையும் நிறுத்த வேண்டும்.

வாப்பா கத்தாரிலோ சவூதியிலோ இருக்க, உம்மா தனியாக வீட்டைப் பார்க்கும் குடும்பங்கள் இங்கே ஏராளம். உம்மாவுக்கு மடக்கை தெரியாமல் இருக்கலாம். ஆனால் மஃரிபுக்குப் பின் முக்கால் மணித்தியாலம் தொலைக்காட்சியை நிறுத்தி, "இண்டைக்குப் பிழைச்ச கணக்கை எனக்குச் சொல்லிக் காட்டு மகன்" என்று கேட்க அவரால் முடியும். சொல்லிக் காட்டும்போது பிள்ளை தானாகவே தன் பிழையைக் காணும்.

நோன்பையும் திட்டத்தில் சேர்க்க வேண்டும். 2025இல் பரீட்சை நோன்பு மாதத்துக்குள்ளேயே வந்தது. மூன்று மணித்தியாலத் தாளை நோன்போடு எழுத வேண்டிய பிள்ளைக்கு, அதே நேரத்தில், அதே நிலையில் முன்கூட்டியே மாதிரித் தாள் செய்த பழக்கம் வேண்டும். ஸஹருக்குப் பின்னுள்ள அமைதியான வேளை கணிதத்துக்கு மிக உகந்தது. இரவு விழித்து நண்பகல்வரை உறங்கும் வழக்கம் அந்த மாதத்தில் படிப்பை அடியோடு அழிக்கும்.

ஒரு வருடம் கையில் இருந்தால்

பத்தாம் தர இறுதியில் 25 புள்ளியோடு நிற்கும் பிள்ளைக்கு ஒரு வருடம் போதும். முதல் வாரம் புதிய பாடம் வேண்டாம். ஆறு முதல் ஒன்பதாம் தரம் வரையான இலவசப் பாடநூல்களிலிருந்து எடுத்த முப்பது அடிப்படைக் கணக்குகளைச் செய்யவைத்து, எங்கே நின்றது என்று கண்டுபிடிக்க வேண்டும். அடுத்த இரண்டு மாதம் அந்த இடங்களுக்கு மட்டும்: திசைகொண்ட எண்கள், பின்னம், சதவீதம், அடைப்பு நீக்கல், எளிய சமன்பாடு. நாள்தோறும் நாற்பது நிமிடம் செய்வது, வெள்ளிக்கிழமை ஒரேயடியாக ஐந்து மணித்தியாலம் இருப்பதைவிட நல்லது.

மூன்றாம் மாதத்திலிருந்து குறுவினாக்கள். நாளுக்குப் பத்து, பல அலகுகளையும் கலந்து. அதோடு இரண்டாம் தாளில் வடிவம் பெரிதும் மாறாமல் வரும் வினாக்களைத் தெரிவு செய்ய வேண்டும்: இருபடி வரைபு, கூட்டமாக்கிய மீடிறன் பரம்பலின் இடை, கேத்திரகணித அமைப்பு, தொடைகளில் வென் வரிப்படம், வட்டியும் வரியும். பின்தங்கிய பிள்ளைக்கும் படிமுறைப் புள்ளி தரும் இடங்கள் இவை. நிறுவல் வினாக்களைப் பின்னர் பார்க்கலாம்.

பிழைகளுக்கென ஒரு கொப்பி வேண்டும். இடப்பக்கம் பிழைத்த கணக்கு, வலப்பக்கம் சரியான செய்கை, கீழே ஏன் பிழைத்தது என்று ஒரு வரி. வாரத்துக்கு ஒருமுறை வலப்பக்கத்தை மூடிவிட்டு மீண்டும் செய்ய வேண்டும். கடைசி மூன்று மாதம் நேரம் குறித்த முழுத் தாள்கள்.

45இல் நிற்கும் பிள்ளையின் தேவை வேறு. அவருக்கு அடிப்படை இருக்கிறது. முறையைத் தெரிந்தெடுப்பதிலும் நேரத்திலும் கவனத்திலும் புள்ளி போகிறது. அவருக்குக் கலப்புப் பயிற்சியும், தேற்றங்களைக் காரணத்தோடு எழுதும் பழக்கமும் வேண்டும். இரண்டு பிள்ளைகளையும் ஒரே செமினாரில் உட்கார வைப்பது இருவருக்கும் நட்டம்.

ஊர் செய்ய வேண்டியது

பிள்ளையும் பெற்றோரும் தனியே செய்யக்கூடியதற்கு ஓர் அளவு உண்டு. கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று வலயக் கல்வி அலுவலகங்கள், பதினோராம் தரத்துக்குச் செலவிடும் கவனத்தில் ஒரு பங்கை ஏழாம் எட்டாம் தரங்களுக்குத் திருப்ப வேண்டும். ஏழாம் தரத்தில் ஒரு பிள்ளை பின்னத்தில் நிற்பதை அங்கேயே கண்டால், அதைத் தீர்க்கச் சில வாரங்கள் போதும். பதினோராம் தரத்தில் அதே வேலைக்கு ஒரு வருடம் வேண்டும். மிகச் சிறந்த கணித ஆசிரியர்களை மேல்வகுப்புகளுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, கீழ்வகுப்புகளை யார் கையிலாவது கொடுக்கும் வழக்கமும் மாற வேண்டும்.

பழைய மாணவர் சங்கங்களும் பள்ளிவாசல் நிர்வாகங்களும் வெளிநாட்டில் உழைப்போரும் இந்த ஊர்களின் கல்விக்குத் தாராளமாகச் செலவழிக்கிறார்கள். அந்தப் பணத்தில் ஒரு பகுதி சிறு குழு வகுப்புகளுக்குப் போகட்டும். உயர்தரம் எழுதிவிட்டுப் பல்கலைக்கழக அனுமதிக்காக மாதக்கணக்கில் காத்திருக்கும் நமது இளைஞர்களும் யுவதிகளும் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். ஒருவருக்கு ஐந்து பிள்ளைகள், வாரத்தில் நான்கு நாள், ஒரு சிறு கொடுப்பனவு, மேற்பார்வைக்கு ஓர் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். மும்பாயில் பலித்தது சாய்ந்தமருதிலும் நிந்தவூரிலும் பலிக்காமற்போக எந்தக் காரணமும் இல்லை.

2017இல் தொடங்கிய பதின்மூன்று வருடத் தொடர்ச்சியான கல்வித் திட்டம், சாதாரண தரத்தில் சித்தியடையாதவர்களுக்கும் தொழிற்கல்வி வழியைத் திறந்தது. அது நல்ல வழி. அதை எவரும் குறைவாகப் பார்க்கக் கூடாது. ஆனால் ஒரு பிள்ளை அந்த வழியைத் தன் விருப்பத்தால் தெரிவு செய்ய வேண்டும். ஏழாம் தரத்தில் எவரும் கவனிக்காமல் விட்ட பின்னம் அவருக்காகத் தெரிவு செய்யக் கூடாது. டபிள்யூ எடுத்த பிள்ளையிடம் ஏன் படிக்கவில்லை என்று கேட்பதற்கு முன், எந்தத் தரத்தில், எந்தப் பாடத்தில் அவரைத் தனியே விட்டோம் என்று நாம் கேட்க வேண்டும். அந்த இடத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து கையைப் பிடித்துக் கூட்டிவரும் ஊரில் கணிதப் புள்ளி உயரும்.